மூணு வாரம் கட்டில்ல படுத்தா என்ன ஆகும்?

ஐப்பசிக்கு அப்புறம் இந்தப் பக்கம் எதுவும் எழுதலை. மஞ்சள் காட்டுல தண்ணி நின்னுடுச்சு, வேலைக்கு ஆள் கிடைக்கலைன்னு வழக்கமான காரணங்களைச் சொல்லலாம். நிஜமான காரணம் அப்பா விழுந்ததுதான்.

மழை விட்ட ஒரு காலைல மோட்டார் ரூம் படியில வழுக்கி, இடது இடுப்பு எலும்பு முறிஞ்சுபோச்சு. அவருக்கு வயசு 74. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ரெண்டாம் நாளே வாக்கரைக் கையில கொடுத்து நிக்க வச்சாங்க. வீட்டுக்கு அனுப்பும்போது, தினமும் எந்திரிச்சு நிக்கணும், நாலு எட்டு நடக்கணும்னு டாக்டர் தெளிவா சொல்லித்தான் அனுப்பினார்.

கேட்காதது நாங்க. வீட்டுக்கு வந்ததும் அத்தைங்க, சித்தப்பா, பங்காளி வீட்டார்னு ஒவ்வொருத்தரா வந்தாங்க. ஆட்டுக்கால் சூப் வந்துச்சு. கூடவே, "வயசான எலும்புடா, அசைச்சா மறுபடி விட்டுரும், பேசாம படுக்க வையி"ங்கற யோசனையும் வந்துச்சு. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. வலியில அவர் முகம் சுளிக்கறதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சாப்பாடு கட்டிலுக்கே போச்சு, மத்ததும் கட்டில்லயே. மூணு வாரம் அப்படியே ஓடிருச்சு.

மூணு வாரம் கழிச்சு எந்திரிக்க வச்சா, மனுசனுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது, கால் நடுங்குது. பிசியோதெரபி பார்க்க வந்த பொண்ணு டேப்பை எடுத்து முழங்காலுக்கு மேல ஒரு ஜாண் தள்ளி ரெண்டு தொடையையும் சுத்தி அளந்துச்சு. அப்புறம் என்னைத் தனியா கூப்பிட்டு, "ஏனுங்ணா, அடிபட்ட கால் சூம்பினதுக்கு ஆபரேஷன்னு சொல்லுவீங்க. அடிபடாத காலும் சூம்பியிருக்குதே, அதுக்கு என்னங்ணா சொல்றீங்க?"ன்னு கேட்டுச்சு. எனக்குப் பதில் இல்லை.

அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்ச படிப்புதான் இந்தப் பதிவு. அறுபது வருசம் ஏர் பிடிச்ச உடம்பு மூணே வாரத்துல எப்படிக் கரையும்? போனது திரும்ப வருமா? இந்த ரெண்டு கேள்விக்கும் மனுசன் எப்ப, எப்படிப் பதில் கண்டுபிடிச்சான்னு தேடினேன்.

முதல்ல சிக்கினது அமெரிக்காவுல டல்லாஸ் நகரத்துல 1966-ல் நடந்த சோதனை. அங்கே இருக்கற மருத்துவக் கல்லூரியில ஜெரே மிட்செல்னு ஒரு இதய டாக்டரும், சுவீடன்ல இருந்து வந்த பெங்ட் சால்டின்னு ஒரு உடலியல் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து செஞ்சது. இருபது வயசை ஒட்டின அஞ்சு பசங்க. நோய் நொடி எதுவும் இல்லை. ரெண்டு பேர் ஓடியாடி விளையாடறவங்க, மூணு பேர் சும்மா இருந்தவங்க. அஞ்சு பேரையும் மூணு வாரம் படுக்கையில போட்டாங்க. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஓட வச்சு, மூச்சுக்காத்தைப் பையில பிடிச்சு, உடம்பு அதிகபட்சமா எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்துதுன்னு அளந்தாங்க.

அதென்ன அளவுன்னு கேட்பீங்க. அதுக்கும் ஒரு கதை இருக்கு. ஏ.வி.ஹில்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி, 1922-க்கான நோபல் பரிசு வாங்கினவர், முதுகுல ஒரு பெரிய காத்துப் பையைக் கட்டிக்கிட்டு, வாயில குழாயை வச்சுக்கிட்டு, மான்செஸ்டர்ல ஒரு புல் தரையைச் சுத்திச் சுத்தித் தானே ஓடினார். வேகம் கூடக்கூட உடம்பு எடுக்கற ஆக்சிஜனும் கூடிக்கிட்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல எவ்வளவு முக்கினாலும் கூடாதுன்னு கண்டார். அவருக்கு அந்த உச்சம் நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டர். நம்ம பாஷையில சொன்னா மோட்டாரோட எச்.பி. மாதிரி. கிணத்துல எவ்வளவு தண்ணி இருந்தாலும் 5 எச்.பி. மோட்டார் 5 எச்.பி.க்குத்தான் இறைக்கும். மனுச மோட்டார்ல இருக்கற விசேஷம், பயன்படுத்தறதைப் பொறுத்து அந்த எச்.பி.யே கூடும், குறையும்.

எவ்வளவு குறையும்ங்கறதைத்தான் டல்லாஸ் காட்டுச்சு. படுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பசங்களோட சராசரி நிமிடத்துக்கு 3.3 லிட்டர். மூணு வாரம் படுத்து எந்திரிச்சப்போ 2.4. நூத்துக்கு 27 பங்கு போயிருச்சு. இருபது வயசுப் பையனுக்கே இந்த நிலைமைன்னா 74 வயசுக்காரருக்கு என்ன ஆகியிருக்கும்னு நினைச்சப்போ எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு.

காரணம் பெருசா மர்மம் இல்லை. படுத்துக்கிட்டா காலுக்கு இறங்க வேண்டிய ரத்தம் நெஞ்சுப் பக்கம் தேங்குது. தண்ணி அதிகமாயிருச்சுன்னு நினைச்சு உடம்பு மூத்திரமா வெளியேத்திருது. சில நாள்லயே ரத்தத்தோட நீர்ப்பகுதி குறையுது. திடீர்னு எந்திரிச்சா மூளைக்கு ரத்தம் பத்தாம கண்ணு இருட்டுது. அப்பாவுக்கு நடந்தது இதுதான். ரத்தம் குறைஞ்சா இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளற அளவும் குறையும், அதே வேலைக்கு அதிகத் தடவை துடிக்க வேண்டியிருக்கும். நாளாக நாளாக இதயத் தசையும் கால் தசையும் மெலியும்.

பாதிக் கதைதான் இது. அதே அஞ்சு பேரையும் அடுத்த எட்டு வாரம் கடுமையா ஓட வச்சுப் பழக்கினாங்க. 2.4 லிட்டர் 3.9 ஆயிருச்சு. இழந்தது திரும்பினதோட, படுக்கறதுக்கு முன்னாடி இருந்ததையும் தாண்டிருச்சு.

இந்தச் சோதனையை ஏன் செஞ்சாங்கன்னும் சொல்லணும். அந்தக் காலத்துல கட்டில்தான் மருந்து. மாரடைப்பு வந்தா வாரக்கணக்குல அசையாம படுக்கணும், தானா திரும்பிப் படுக்கக்கூட விடமாட்டாங்க. 1952-ல் அமெரிக்காவுல சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன்னு ரெண்டு டாக்டருங்க, மாரடைப்பு வந்தவங்களைக் கட்டில்ல இருந்து இறக்கிச் சாய்வு நாற்காலியில உட்கார வச்சுப் பார்த்துக் கட்டுரை எழுதினாங்க. நாற்காலியில உட்கார வைக்கறதே அன்னிக்குப் பெரிய துணிச்சல். அதனால எங்க அத்தைகளை மட்டும் குத்தம் சொல்றதுல நியாயம் இல்லை. உலகத்துல இருந்த பெரிய டாக்டருங்களே ஒரு காலத்துல அவங்க கட்சிதான்.

அதே சமயம் லண்டன்ல ஒருத்தர் பஸ்ஸை எண்ணிக்கிட்டு இருந்தார். ஜெரி மாரிஸ்னு பேரு. மாரடைப்பு ஏன் இவ்வளவு பெருகுதுன்னு தேடினவருக்கு லண்டனோட ரெண்டு மாடி பஸ் கண்ணுல பட்டுச்சு. ஒரே பஸ், ஒரே சாப்பாடு, ஒரே தெரு, கிட்டத்தட்ட ஒரே சம்பளம். டிரைவர் ஷிஃப்டு முழுக்க உட்கார்ந்திருக்கார். கண்டக்டர் டிக்கெட் போட மாடிக்கும் கீழேயும் ஏறி இறங்கறார், ஒரு நாளைக்கு 500-ல் இருந்து 750 படி வரைக்கும். 1949-ல் ஆரம்பிச்சுச் சுமார் 31,000 பேரோட கணக்கைப் பார்த்தாங்க. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் தாமதமா வந்துச்சு, கடுமையும் குறைவு. தபால்காரங்களைப் பார்த்தாங்க. நடந்தும் சைக்கிள்லயும் கடிதாசி கொடுக்கறவங்களுக்குக் குறைவு, தபால் ஆபீஸ்ல உட்கார்ந்து எழுதறவங்களுக்கு அதிகம். 1953-ல் லான்செட் மருத்துவ இதழ்ல இது வந்துச்சு.

எனக்கு மாரிஸை ரொம்பப் பிடிச்சுப்போனதுக்குக் காரணம் அதுக்கு அப்புறம் நடந்தது. தன்னோட முடிவைத் தானே சந்தேகப்பட்டார். டிரைவர் வேலைக்கு வர்றவன் முதல்லயே குண்டா இருந்தா? பஸ் கம்பெனி ஊழியர்களுக்குச் சீருடை தைச்சுக் கொடுக்கும். அந்தத் தையல் கணக்கை வாங்கி, கால்சட்டை இடுப்பு அளவைப் பார்த்தார். நினைச்ச மாதிரியே எல்லா வயசுலயும் டிரைவர்களோட இடுப்பு பெருசு, சின்ன வயசுக்காரங்களுக்கும்கூட. அதையும் மறைக்காம 1956-ல் வெளியிட்டார். அப்புறமும் பல வருசம் வேற வேற ஆளுங்களை வச்சுச் சோதிச்சுத்தான் உடல் உழைப்பு இதயத்தைக் காக்குதுன்னு நிலைநாட்டினார். தன் கணக்குல ஓட்டை இருக்குதான்னு தானே தேடற மனுசன் எந்தத் தொழில்லயும் அபூர்வம். 2009-ல் இறந்தபோது அவருக்கு வயசு 99.

இதைப் படிச்சப்போதான் எனக்குச் சுருக்னு தைச்சுது. எங்க வீட்டுக் கண்டக்டரை டிரைவர் ஆக்கினதே நான்தான்.

எங்க அப்பாரு காலத்துல கவலை இறைச்சாங்க. மாட்டோட மாடா முன்னும் பின்னும் நடந்து, சால் நிறைஞ்சு வந்து கொட்டறதுக்குள்ள ஒரு ஊர் தூரம் நடந்திருப்பாங்க. அப்பா காலத்துல மோட்டார் வந்துச்சு. ஆனாலும் த்ரீ ஃபேஸ் எப்ப வருதோ அப்ப ஓடணும், மடை மாத்தணும், மறுபடி வந்து நிறுத்தணும். வீட்டுல இருந்து கிணத்துக்கு நாலு ஏக்கர் தாண்டிப் போகணும். ஒரு நாளைக்கு நாலு நடையாவது இருக்கும். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, வயசான காலத்துல எதுக்குச் சிரமம்னு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டினேன். போன்ல ஒரு மிஸ்டு கால் கொடுத்தா மோட்டார் ஓடும். சொட்டுநீரும் போட்டாச்சு, மடை மாத்தற வேலையும் போச்சு. அப்பா திண்ணைக்கு வந்தார், திண்ணையில இருந்து டி.வி.க்குப் போனார். அப்புறமா ஒரு நாள், ஸ்டார்ட்டர் வேலை செய்யலைன்னு ரொம்ப நாள் கழிச்சுக் கிணத்துக்குப் போனவர்தான் படியில வழுக்கினார். ரெண்டு வருசத்துக்கு முந்தின கால்னா வழுக்கினாலும் ஊனிச் சமாளிச்சிருக்கும்ங்கற நினைப்பு இன்னும் என்னை விடமாட்டேங்குது.

சரி, போன பலம் எப்படித் திரும்புதுன்னு பார்ப்போம்.

தசைக்குள்ள என்ன நடக்குதுன்னு 1967-ல் அமெரிக்காவுல ஜான் ஹாலோசின்னு ஒருத்தர் எலிகளை ஓட விட்டுக் காட்டினார். மூணு மாசம் தினமும் ஓடின எலிகளோட கால் தசையில, மைட்டோகாண்ட்ரியாவுல வேலை செய்யற நொதிகள் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிருந்துச்சு. மைட்டோகாண்ட்ரியாங்கறது தசை செல்லுக்குள்ள இருக்கற அடுப்பு. ஆக்சிஜனை வச்சுச் சக்கரையையும் கொழுப்பையும் எரிச்சுப் பலமாக்கறது அதுதான். விருந்தாளி கூடினா வாசல்ல கூடுதலா அடுப்பு மூட்டற மாதிரி, வேலை கூடினா தசை அடுப்பைக் கூட்டிக்குது. வேலை இல்லைன்னா அணைச்சிருது.

பலம் கூடற விஷயத்துல தாமஸ் டிலார்ம்னு ஒரு ராணுவ டாக்டர் முக்கியமான ஆள். ரெண்டாம் உலகப் போர்ல முழங்கால் அடிபட்ட சிப்பாய்ங்க சிகாகோ ராணுவ ஆஸ்பத்திரியில குவிஞ்சு கிடந்தாங்க. அடிபட்ட காலுக்கு லேசான பயிற்சிதான் கொடுக்கணும்ங்கறது அப்ப வழக்கம். டிலார்ம் இரும்புச் செருப்பு மாதிரி ஒண்ணைக் கால்ல மாட்டி, பத்துத் தடவை தூக்க முடியற அளவுக்கு எடை வச்சார். அது சுலபமானதும் எடையைக் கூட்டினார். கால் சீக்கிரமா தேறினதை 1945-ல் எழுதினார். அவரே சின்ன வயசுல காய்ச்சல்ல படுத்து, எடை தூக்கித் தேறினவர்.

கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும்ங்கற யோசனை ஒண்ணும் புதுசில்லை. பழைய கிரேக்கத்து மல்லன் மைலோ, ஒரு கன்னுக்குட்டியைத் தினமும் தூக்கித் தூக்கி, அது காளையான பிறகும் தூக்கினான்னு ஒரு கதை உண்டு. கட்டுத்தாரை வச்சிருக்கற யாரும் இதை நம்ப மாட்டாங்க. ஆறு மாசக் கன்னைத் தூக்கிப் பாருங்க, அது நம்மளைத் தூக்கிப் போட்டுரும். உடம்பு கூடற வேகத்தைவிடக் கன்னு கூடற வேகம் ரொம்ப அதிகம். ஆனா கதையோட உள்ளர்த்தம் சரி.

அப்பா விஷயத்துல எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒண்ணு. நாற்காலியில உட்கார்ந்து எந்திரிக்கற பயிற்சி ஆரம்பிச்ச ரெண்டு வாரத்துல கையை ஊனாம எந்திரிச்சார். ஆனா டேப்புல தொடை அதே அளவுதான். பலம் எங்கிருந்து வந்துச்சு? படிச்சா அதுக்கும் பதில் இருக்கு. முதல் சில வாரத்துல கூடற பலம் பெரும்பாலும் நரம்பால வர்றது. தசையில கூலியாள் நூறு பேர் இருக்காங்கன்னு வச்சுக்குங்க. ரொம்ப நாளா வேலை இல்லாததால மூளை நாப்பது பேரைத்தான் கூப்பிடுது. தினமும் வேலை வச்சா எண்பது பேரைக் கூப்பிடப் பழகிக்குது. ஆள் எண்ணிக்கை கூடறது, அதாவது தசை பெருக்கறது, அப்புறமாத்தான். அதுக்குச் சோறு மட்டும் பத்தாது, முட்டை, பருப்பு, கறின்னு புரதம் வேணும், நல்ல தூக்கமும் வேணும். வேலை செய்யும்போது தசை வளர்றதில்லை, வேலைக்கு அப்புறம் ஓய்வுல இருக்கும்போதுதான் சரிபண்ணிக்கிட்டு வளருது.

இதை அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நாள் முழுக்கக் குனிஞ்சு நாத்து நடற அக்காங்ககிட்டப் போய் உடற்பயிற்சி நல்லதுன்னு நான் சொல்ல வரலை. அரைவயிறு சாப்பாடும் ஓய்வில்லாத உழைப்பும் உடம்பைத் தேய்க்கத்தான் செய்யும். அவங்க முழங்கால் வலியைக் கேட்டாலே தெரியும். உடம்பு தாங்கற அளவுக்கு மேல கொஞ்சம் கேட்கணும், அப்புறம் சரிபண்ணிக்க நேரம் கொடுக்கணும். ரெண்டுல ஒண்ணு விட்டுப்போனாலும் ஆகாது.

எலும்பும் இப்படித்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல ஐரோப்பாவோட ஆதி விவசாயப் பெண்களோட எலும்புகளை ஸ்கேன் பண்ணிப் பார்த்து 2017-ல் வெளியிட்டாங்க. ஏழாயிரம் வருசத்துக்கு முந்தின அந்தப் பெண்களோட கை எலும்பு, இன்னிக்குப் போட்டிக்குப் படகு வலிக்கற பெண்களோடதைவிட 11-ல் இருந்து 16 சதவீதம் பலமா இருந்துச்சாம். மண்ணைக் கொத்தினதும், கல்லுல தானியம் அரைச்சதும்தான் காரணமா இருக்கணும்ங்கறாங்க. எங்க ஆத்தா ஆட்டுக்கல்லுல மாவாட்டறதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது அதிசயமாவே படலை. கிளாஸ் மூடி திறக்காட்டி வீட்டு ஆம்பளைங்க அவங்ககிட்டத்தான் கொண்டு போவோம்.

எல்லாத்தையும்விட எனக்குத் தெம்பு கொடுத்தது 1990-ல் பாஸ்டன் நகரத்துல மரியா ஃபியடரோன்னு ஒரு டாக்டர் செஞ்ச வேலை. முதியோர் இல்லத்துல இருந்த பத்துப் பேர். சராசரி வயசு 90, மூத்தவருக்கு 96. எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தாங்க. லேசா இல்லை, அவங்க தூக்க முடியற உச்ச எடையில பெரும்பங்கு. பயிற்சியை முடிச்சவங்களோட கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடிருச்சு. ரெண்டு பேர் ஊன்றுகோலை விட்டுட்டாங்க.

இதை நான் அப்பாகிட்டப் படிச்சுக் காட்டினேன். கேட்டுக்கிட்டே இருந்தார். "தொண்ணூத்தாறாடா?"ன்னார். ஆமாங்கப்பான்னேன். "அப்ப நான் இன்னும் சின்னப் பையன்"னு சொல்லிட்டு, நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார்.

டாக்டரையும் அந்தப் பிசியோதெரபிப் பொண்ணையும் கேட்டுத்தான் ஒவ்வொண்ணும் கூட்டினோம். முதல்ல நாற்காலியில எட்டுத் தடவை. அப்புறம் காலுல அரைக்கிலோ மண் மூட்டை கட்டித் தூக்கறது, அடுத்து ஒரு கிலோ. வாசல் வரைக்கும் நடை, கட்டுத்தாரை வரைக்கும், தை பொறந்தப்போ வேப்பமரம் வரைக்கும். சில நாள் வலியில என்னைத் திட்டியிருக்கார், எழுத முடியாத வார்த்தையெல்லாம். ஒரு வாரம் சளி பிடிச்சுப் படுத்ததுல கொஞ்சம் பின்னாடி போயிருச்சு, மறுபடி வேப்பமரத்துல இருந்து ஆரம்பிச்சோம்.

டல்லாஸ் பசங்க கதையில ஒரு மிச்சம் இருக்கு. முப்பது வருசம் கழிச்சு 1996-ல் அதே அஞ்சு பேரையும் தேடிப் பிடிச்சு மறுபடி அளந்தாங்க. அம்பது வயசு. ஆளுக்குச் சராசரியா 23 கிலோ கூடியிருந்துச்சு, உடம்புல கொழுப்பு ரெண்டு மடங்கு. ஆனாலும் 1966-ல் மூணு வாரம் படுத்து எந்திரிச்சப்போ இருந்த அளவுக்கு அவங்க மோசமா இல்லை. முப்பது வருச மூப்பு செஞ்ச சேதத்தைவிட மூணு வாரக் கட்டில் செஞ்ச சேதம் பெருசு. ஆறு மாசம் நடை, மெல்லோட்டம், சைக்கிள்னு மெதுவா பழக்கினதும், 1966-ல் படுக்கறதுக்கு முன்னாடி இருந்த அதே 3.3 லிட்டருக்கு வந்துட்டாங்க.

இப்ப மாசி. மஞ்சள் வெட்டு ஆரம்பிச்சாச்சு. வாக்கர் மேல என் பொண்டாட்டி வத்தல் துணியைக் காயப்போட்டிருக்கா. தினமும் காலைல த்ரீ ஃபேஸ் வர்ற நேரத்துக்கு அப்பா ஒரு கம்பை ஊனிக்கிட்டுக் கிணத்துக்குப் போறார், துணைக்கு என் பையன் போறான். படியில கைப்பிடிக் குழாய் வச்சுக் கட்டியாச்சு. மோட்டாரைப் போட்டுட்டு, தண்ணி விழுதான்னு பார்த்துட்டுத் திரும்பி வர அரை மணி நேரம் ஆகுது.

மொபைல் ஸ்டார்ட்டர் என்னாச்சுன்னு கேட்டார். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன், உதிரி பாகம் வரலையாம்னு சொல்லி வச்சிருக்கேன். அது என் பீரோவுக்குள்ளதான் இருக்கு. இதைப் படிக்கற சொந்தக்காரங்க யாரும் அவர்கிட்ட வாய் விட்டுராதீங்க.